கேஸ் இல்லாத மீன்தொட்டியில் செடிகளுக்கு உரம்: எது, எவ்வளவு, எப்போது

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களில் வீட்டுக்குப் பின்னால் எங்காவது அரை மூட்டை உரம் கிடக்கும். மிளகாய்க்கும் வாழைக்கும் போட்டது போக மீந்தது. கேஸ், அதாவது கரியமில வாயு சிலிண்டர் வைக்காத மீன்தொட்டியில் செடி மஞ்சளானால் முதலில் கை போவது அந்த மூட்டைக்குத்தான். வேண்டாம். அதில் இருப்பது பெரும்பாலும் அம்மோனியம் சல்ஃபேட், யூரியா, அல்லது நீல நிற என்பிகே (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் கலந்த) குருணை. மூன்றுமே தொட்டிக்கு ஆகாதவை.

கணக்காகவே பார்க்கலாம். 60 × 30 × 30 செ.மீ. அளவுள்ள இரண்டடித் தொட்டி 54 லிட்டர் கொள்ளும். கல்லும் மேலே விட்ட இடைவெளியும் போக உள்ளே நிற்பது சுமார் 45 லிட்டர். இந்தக் கட்டுரையின் கணக்கெல்லாம் இந்த 45 லிட்டருக்குத்தான். உங்கள் தொட்டி பெரிதென்றால் அதற்கேற்பப் பெருக்கிக்கொள்ளுங்கள். அம்மோனியம் சல்ஃபேட்டில் நைட்ரஜன் 21 சதவீதம். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் போட்டால், லிட்டருக்கு 23 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் சேர்ந்துவிடும். அம்மோனியா சோதனையில் பூஜ்யம் காட்ட வேண்டிய தண்ணீர் அது. யூரியா இன்னும் ஏமாற்றும். போட்ட அன்று மீன் நன்றாகவே நீந்தும். பாக்டீரியா அதை அம்மோனியாவாக உடைக்க ஓரிரு நாள் ஆகும். அதன் பிறகுதான் மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கும். உரம் காரணம் என்றே அப்போது தோன்றாது.

ஆனால் தோட்டத்து அனுபவத்தில் ஒன்று இங்கே முழுமையாகக் கைகொடுக்கும்: இலையைப் பார்த்துக் குறையைச் சொல்வது. செம்பனை மட்டையைப் பார்த்து 'இதற்குப் பொட்டாஷ் போதவில்லை' என்று சொல்லத் தெரிந்தவருக்கு மீன்தொட்டிச் செடியைப் படிப்பது கடினமே இல்லை. கண் தோட்டத்துக் கண்ணாக இருக்கலாம். அளக்கும் கை மட்டும் நகைக்கடைக் கையாக இருக்க வேண்டும்.

சோறு குறைவு, குழம்பை எதற்கு ஊற்றுவது

செடியின் உலர்ந்த எடையில் சுமார் 40 சதவீதம் கார்பன். நிலத்துச் செடி அதைக் காற்றிலிருந்து எடுக்கிறது. தண்ணீருக்குள் மூழ்கிய செடிக்கோ தண்ணீரில் கரைந்த கரியமில வாயுதான் கதி. நம் ஊர்ச் சூட்டில், 28 டிகிரியில், காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில் அது லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான் இருக்கும். மீனின் மூச்சாலும் அடியில் மட்கும் குப்பையாலும் இன்னும் கொஞ்சம் கூடும், அவ்வளவே. கேஸ் சிலிண்டர் வைத்து நடத்தும் தொட்டிகளில் இது 20 முதல் 30 மில்லிகிராம். அந்தத் தொட்டிகளுக்காக எழுதிய உர அட்டவணையை நம் தொட்டிக்கு அப்படியே எடுத்துக்கொள்வதுதான் ஆகப் பெரிய தவறு. சோறு ஒரு கைப்பிடி இருக்கும் தட்டில் குழம்பை முட்ட முட்ட ஊற்றுவதற்குச் சமம் அது. செடி தின்னாது, மிச்சம் தண்ணீரில் நிற்கும்.

அதோடு, குறையில் பாதியை மீனே தீர்த்துவிடுகிறது. 45 சதவீதப் புரதம் உள்ள மீன் தீனி 1 கிராமில் சுமார் 72 மில்லிகிராம் நைட்ரஜன் உண்டு. அத்தனையும் நைட்ரேட்டாக மாறினால் 45 லிட்டரில் லிட்டருக்கு 7 மில்லிகிராம். கொஞ்சம் மீனின் உடம்பில் தங்கும், கொஞ்சத்தைச் செடி அம்மோனியமாக இருக்கும்போதே உறிஞ்சிக்கொள்ளும். அப்படியும் பத்துப் பன்னிரண்டு கப்பி மீன்கள் உள்ள தொட்டியில், வாரத்துக்கு ஒன்றரை கிராம் தீனி போட்டால், செடிக்கு நைட்ரஜனும் பாஸ்பரசும் பெரும்பாலும் போதும். தீனியில் போதாமல் போவது பொட்டாசியமும் இரும்பும். தண்ணீர் மிக மென்மையாக இருந்தால் மக்னீசியமும் கால்சியமும் சேர்ந்து குறையும்.

முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்

ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள் நிறைய. அந்தப் பக்கத்துக் கிணற்று நீர் கடினமாக இருக்கலாம். மலை ஓடையிலிருந்து எடுத்துச் சுத்திகரித்து வரும் குழாய்த் தண்ணீர் மிக மென்மையாக இருக்கலாம். ஒரே ஊரில் இரண்டும் இருக்கும், ஆகவே பக்கத்து வீட்டுக் கணக்கை நம்ப வேண்டாம். சொட்டுவிட்டுப் பார்க்கும் ஜிஎச் (தண்ணீரின் மொத்தக் கடினத்தன்மை) சோதனைக் குப்பி ஒன்று வாங்குங்கள். ஒரு சொட்டு ஒரு டிகிரி. நிறம் மாற 4 முதல் 6 சொட்டு ஆனால் கவலையே இல்லை. ஒன்றிரண்டு சொட்டிலேயே மாறினால் கால்சியமும் மக்னீசியமும் இல்லை என்று பொருள்.

கால்சியத்துக்கு நம் ஊரில் எளிய வழி கெராங் (ஒருவகைச் சிப்பி) ஓடு. சாப்பிட்ட ஓட்டை நன்றாகத் தேய்த்துக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஐந்தாறு ஓட்டை ஃபில்டருக்குள் வையுங்கள். 45 லிட்டரில் ஒரு டிகிரி கூட, ஓட்டிலிருந்து சுமார் 0.8 கிராம் கரைந்தால் போதும். பிஎச் (அமில, கார அளவு) 7க்குக் கீழே இருக்கும் தண்ணீரில் ஓடு தானே மெல்லக் கரையும். கடினமான தண்ணீரில் கரையாமல் கிடக்கும். அதனால்தான் இது பாதுகாப்பான முறை. வாரம் ஒருமுறை சோதித்து, 5 டிகிரி வந்ததும் பாதி ஓட்டை எடுத்துவிடுங்கள். பிஎச்சும் கேஎச்சும் (கார்பனேட் கடினத்தன்மை) சற்றே ஏறும். கப்பி, மோலி போன்ற மீன்களுக்கு அது நல்லதே.

இலை சொல்வது

பெரும்பாலான குறைகள் மஞ்சளாகத்தான் தெரியும் என்பதால் பலர் கண்டதையும் ஊற்றிவிடுகிறார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: மஞ்சள் பழைய இலையிலா, புது இலையிலா?

நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் நான்கையும் செடியால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்த முடியும். குறை வந்ததும் பழைய இலையிலிருந்து பிடுங்கிப் புதுக் குருத்துக்குக் கொடுக்கும். ஆகவே வாடுவது கீழ் இலை. இரும்பு, கால்சியம், போரான் இவற்றை அப்படி எளிதில் நகர்த்த முடியாது. குறை குருத்திலேயே தெரியும்.

செம்பனையில் பொட்டாசியம் குறைந்தால் கீழ் மட்டைகளில் ஆரஞ்சுப் புள்ளிகள் வரும். மீன்தொட்டிச் செடியில் அது ஊசி குத்தினாற்போல் சிறு ஓட்டைகளாக வரும், ஓட்டையைச் சுற்றி மஞ்சள் விளிம்போடு. ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், ஹைக்ரோஃபிலா இவற்றின் பழைய இலையில் முதலில் பாருங்கள். நத்தை கடித்ததென்று நினைத்து நத்தையைப் பிடித்துக் கொண்டிருப்பார்கள். நத்தை கடித்த ஓட்டைக்கு மஞ்சள் விளிம்பு இருக்காது. ஜாவா ஃபெர்ன் இலையின் அடிப்பக்கத்தில் வரிசையாக வரும் பழுப்பு மேடுகளையும் நோயென்று வெட்டிவிட வேண்டாம். அவை வித்துப் பைகள்.

மக்னீசியம் குறைந்த செம்பனையில் வெயில் படும் கீழ் மட்டை மஞ்சளாகி ஆரஞ்சாகும், நிழலில் இருக்கும் பகுதி பச்சையாகவே நிற்கும். தொட்டியில் பழைய இலையின் நரம்பு பச்சையாகவும் நரம்புக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாகவும் இருந்தால் மக்னீசியம். அதே தோற்றம் புது இலையில் வந்தால் அது இரும்பு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் அதிகம் நடக்கிறது, ஆகவே இலை பழையதா புதியதா என்பதை இருமுறை பாருங்கள். இரும்பு மிகக் குறைந்தால் குருத்து வெளிறி வெள்ளையாகவே வரும்.

புது இலை சுருண்டு, சிறுத்து, கொக்கிபோல் வளைந்தால் மென்மையான தண்ணீரில் முதலில் கால்சியத்தைச் சந்தேகியுங்கள். செம்பனையில் கொக்கி இலை என்றால் போரான் என்பார்கள். தொட்டியிலும் போரான் காரணமாக இருக்கலாம். நுண்சத்துக் கலவை வாராவாரம் போட்டு வந்தால் போரான் அதிலேயே சேர்ந்துவிடும்.

நைட்ரஜன் குறைந்தால் பழைய இலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளாகி உதிரும். இதற்கு நம்பகமான சாட்சி மிதக்கும் செடி. கியாம்பாங், ஆகாயத்தாமரை, டக்வீட் மூன்றும் கரியமில வாயுவைக் காற்றிலிருந்தே எடுப்பவை. வெளிச்சமும் அவற்றுக்குத்தான் முதலில் கிடைக்கிறது. ஆகவே அவை வெளிறி வளராமல் நின்றால் குறை சத்தில்தான். மிதக்கும் செடி கரும்பச்சையாகப் பெருகிக்கொண்டிருக்க, அடியில் இருக்கும் செடி மட்டும் வாடினால் உரத்தைத் தொடவே வேண்டாம்; வெளிச்சமோ வேரோ நடுகையோதான் காரணம். ஒரு கைப்பிடி கியாம்பாங் எந்தச் சோதனைக் குப்பிக்கும் குறைந்ததல்ல. மேற்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பரவ விடாமல் அள்ளிக்கொண்டே இருந்தால் போதும்.

இலை விழுவதெல்லாம் பசியும் அல்ல. கடையில் வாங்கிய செடி பெரும்பாலும் தண்ணீருக்கு மேலே வளர்க்கப்பட்டது. மூழ்கியதும் பழைய இலை அழுகும், புது இலை வேறு வடிவில் வரும். கிரிப்டோகோரைன் இதில் பெயர் பெற்றது. இடம் மாற்றினால், தண்ணீர் திடீரென மாறினால், ஒரே வாரத்தில் இலை முழுதும் கூழாகும். பிடுங்கி எறியாதீர்கள். அழுகிய இலையை மட்டும் கிள்ளிவிட்டு வேரை அப்படியே விட்டால் மூன்று நான்கு வாரத்தில் துளிர்க்கும். அது நம் நாட்டுச் செடி என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. பகாங்கில் உள்ள தாசேக் பேரா ஏரியின் கருந்தேநீர் நிறத் தண்ணீரில் ஊதாப் பூவோடு நிற்பது கிரிப்டோகோரைன் பர்ப்பூரியா. சத்து மிகக் குறைந்த தண்ணீரில் பொறுமையாக வாழப் பழகிய குடும்பம் அது. காட்டிலிருந்து பிடுங்கி வராமல், கடையில் வளர்த்த செடியையே வாங்குங்கள்.

கலக்கும் முறை

கடையில் விற்கும் திரவ உரம் வாங்குவதில் தவறில்லை. நைட்ரஜனும் பாஸ்பேட்டும் இல்லாத, பொட்டாசியமும் நுண்சத்தும் மட்டும் உள்ள வகையைத் தேர்ந்து, லேபிளில் சொன்ன அளவில் மூன்றில் ஒன்றோ பாதியோ போடுங்கள். மூன்று நான்கு தொட்டி இருந்தால் தூளாக வாங்கிக் கலப்பதுதான் கட்டுப்படியாகும். ஹைட்ரோபோனிக் பொருள் விற்கும் கடைகளில் எல்லாம் கிடைக்கும்.

வேண்டியவை: 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு, ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சு, கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர், மூடியுள்ள பழுப்பு நிற மருந்துக் குப்பிகள். மினரல் வாட்டர் பாட்டிலில் வைக்கவே கூடாது. தாகத்தில் வரும் பிள்ளை எடுத்துக் குடித்துவிடும்.

முதல் குப்பி, பொட்டாசியம். பொட்டாசியம் சல்ஃபேட் 10 கிராம், 500 மில்லி தண்ணீரில். இது சோம்பேறித்தனமாகக் கரையும். குலுக்கி ஓர் இரவு விட்டுவிடுங்கள். இதில் 10 மில்லி ஊற்றினால் 45 லிட்டரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் பொட்டாசியம் கூடும்.

இரண்டாம் குப்பி, இரும்பு. டிடிபிஏ (இரும்பைத் தண்ணீரில் கரைந்தபடியே பிடித்து வைக்கும் சேர்மம்) வகை இரும்பு, 11 சதவீதம், 0.5 கிராம், 250 மில்லி தண்ணீரில். 10 மில்லிக்கு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் இரும்பு. இடிடிஏ வகை விலை குறைவு, ஆனால் பிஎச் 6.5க்கு மேல் இரும்பைப் பிடித்து வைக்க அதனால் முடியாது. இரும்பு துருவாகிப் படியும். டிடிபிஏ 7க்கு மேலும் தாங்கும். எல்லா நுண்சத்தும் சேர்ந்த மைக்ரோ தூள், இரும்பு 7 சதவீதம் உள்ளது கிடைத்தால், அதையே 0.75 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். தனி இரும்பைவிட இதுவே மேல். இறால் வளர்ப்பவர்கள் லேபிளில் செம்பின் அளவைப் பார்த்துவிட்டுப் பாதி அளவில் தொடங்க வேண்டும். இந்தக் குப்பியில் பூஞ்சை பிடிக்கும், வெளிச்சம் பட்டால் சத்தும் கெடும். அதனால்தான் சிறிய குப்பி, இருட்டான அலமாரி.

மக்னீசியத்துக்குத் தனிக் குப்பி வேண்டியதில்லை. மருந்துக்கடையில் 'கராம் இங்கிரிஸ்' என்று கேளுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் பேதி உப்பு என்பார்கள். 1 கிராம் போட்டால் லிட்டருக்கு 2.2 மில்லிகிராம் மக்னீசியம். வாசனை சேர்த்த குளியல் உப்பு ஆகாது. தோட்டத்துக் கீசரைட்டும் மக்னீசியம் சல்ஃபேட்தான் என்றாலும், மெதுவாகக் கரையும், மண்ணும் கலந்திருக்கும். பொட்டாசியம் உரமான சிவப்புப் பொட்டாஷிலும் மண் கலந்திருக்கும், அதையும் விட்டுவிடுங்கள்.

மீன் மிகக் குறைவாகவும் செடி நெருக்கமாகவும் உள்ள தொட்டிக்கு மட்டும் இன்னும் இரண்டு. பொட்டாசியம் நைட்ரேட் 10 கிராம் 500 மில்லியில்: 10 மில்லிக்கு நைட்ரேட் 2.7, பொட்டாசியம் 1.7 மில்லிகிராம் கூடும். அதை ஊற்றும் வாரத்தில் பொட்டாசியம் குப்பி (முதல் குப்பி) தேவையில்லை. தீயைத் தூண்டும் பொருள் என்பதால் அடுப்படியில் வைக்கக் கூடாது. மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 1 கிராம் 500 மில்லியில்: 10 மில்லிக்கு பாஸ்பேட் 0.3. பாஸ்பேட்டையும் இரும்பையும் ஒரே குப்பியில் கலக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து கரையாத பொடியாக அடியில் தங்கிவிடும். தொட்டியில் ஊற்றும்போதும் வேறு வேறு நாளில் ஊற்றுங்கள்.

வாரம் எப்படி ஓட வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வாளி, 11 லிட்டர், எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள்; அது 45 லிட்டரில் கால் பங்கு. ஆன்டி குளோரின் போடாமல் ஊற்றக் கூடாது, அதிலும் தண்ணீர்த் தடைக்குப் பிறகு குழாய் திறக்கும் நாளில் குளோரின் வாசம் தூக்கலாக இருக்கும். பிறகு முதல் குப்பியில் 10 மில்லி. மக்னீசியம் தேவையென்று கண்டால் தொடக்கத்தில் 1 கிராம், அதன்பின் வாரம் 0.25 கிராம் மட்டும், எடுத்த தண்ணீரோடு போனதை ஈடுகட்ட. புதன்கிழமை விளக்கு எரியத் தொடங்கும் நேரத்தில் இரண்டாம் குப்பியில் 10 மில்லி. முதல் இரண்டு வாரம் எல்லாம் பாதி அளவு.

இப்படிச் செய்தால் உரம் சேர்ந்து சேர்ந்து எங்கே போய் நிற்கும் என்ற பயம் வேண்டாம். வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றினால், செடி ஒரு துளியும் தின்னாவிட்டாலும், தண்ணீரில் நிற்கும் அளவு வாராந்திர அளவின் நான்கு மடங்கைத் தாண்டாது. வாரம் 2 மில்லிகிராம் பொட்டாசியம் என்றால் உச்சம் 8. ஆனால் சூட்டில் ஆவியான தண்ணீருக்கு ஈடு ஊற்றுவது தண்ணீர் மாற்றம் ஆகாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்; உப்பு உள்ளேயே இருக்கும்.

விளக்கு நாளைக்கு 6 மணி நேரம், டைமரில். ஜன்னல் வெயில் தொட்டியில் விழுந்தால் எந்த உரக் கணக்கும் நிற்காது.

வேருக்கு

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், மோஸ் மூன்றும் தண்ணீரிலிருந்து தின்பவை. முதல் இரண்டின் கிழங்கைக் கல்லுக்குள் புதைத்தால் அழுகும். அமேசான் வாள் செடியும் கிரிப்டோகோரைனும் வேரால் தின்பவை. அவற்றுக்கு மாத்திரை உரத்தைச் செடியிலிருந்து நான்கு விரல் தள்ளி, 5 செ.மீ. ஆழத்தில் இடுக்கியால் செருகுங்கள். மூன்று மாதத்துக்கு ஒன்று போதும். மெதுவாகக் கரையும் ஆஸ்மோகோட் உருண்டைகளைக் காலி மருந்துக் காப்ஸ்யூலில் அடைத்துச் செருகுபவர்களும் உண்டு. செய்யலாம், ஆனால் அதில் அம்மோனியம் உண்டு. ஒரு காப்ஸ்யூலுக்கு ஏழெட்டு உருண்டைக்கு மேல் வேண்டாம், செடியைப் பிடுங்கி நடும்போது அது மேலே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாக்கெட்டில் எழுதிய மாதக் கணக்கு 21 டிகிரிக்கு. நம் 28, 29 டிகிரியில் முன்னதாகவே தீர்ந்துவிடும்.

சிவப்புக் களிமண்ணை உருண்டையாகப் பிடித்துக் காயவைத்துப் புதைப்பது பழைய நல்ல முறை. இரும்பு நிறைய உண்டு. மண்ணைச் செம்பனையைச் சுற்றிச் செதுக்கிய வட்டத்திலிருந்து மட்டும் எடுக்கக் கூடாது. உரமும் களைக்கொல்லியும் விழுவது அங்கேதான். தோட்டத்து வாய்க்காலில் அள்ளிய ஹைட்ரில்லாவையும் ஒரு வாரம் தனி வாளியில் வைத்துத் தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றிய பிறகே தொட்டிக்குள் விடுங்கள்.

கெட்டுப்போகும் இடங்கள்

பாசி வந்ததும் உரத்தை நிறுத்துவது பலரும் செய்வது. செடி மேலும் பலவீனமாகிப் பாசிக்கே இடம் கிடைக்கும். முதலில் விளக்கைக் குறையுங்கள், தீனியைக் குறையுங்கள், அழுகிய இலையை எடுங்கள். கண்ணாடியிலும் அனுபியாஸ் இலையிலும் சுரண்டினாலும் போகாத பச்சைப் புள்ளி வந்தால் பாஸ்பேட் குறைந்திருக்கும் வாய்ப்பு அதிகம். அந்தக் குப்பியில் வாரம் 10 மில்லி ஊற்றி ஒரு மாதம் பாருங்கள். தண்ணீரே பச்சையானால் அம்மோனியாவும் வெயிலும்தான் சந்தேகத்துக்குரியவை.

திரவக் கார்பன் என்று விற்பதை உரமென்று வாங்காதீர்கள். அதில் பொட்டாசியமும் இல்லை, இரும்பும் இல்லை. வாலிஸ்னேரியாவை அது கரைத்தும்விடும்.

அளவை மாற்றினால் ஒன்றை மட்டும் மாற்றி மூன்று வாரம் பொறுங்கள். ஓட்டை விழுந்த இலை திரும்ப மூடாது; அடுத்து வரும் இலை முழுதாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கேஸ் இல்லாத தொட்டியில் அனுபியாஸ் மாதம் ஓர் இலை விடுவதே நல்ல வேகம்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் வீட்டில் இல்லையென்றால் போகும் முன் இரட்டிப்பு உரம் போட்டுவிட்டுப் போகாதீர்கள். வழக்கமான தண்ணீர் மாற்றம், வழக்கமான 10 மில்லி பொட்டாசியம், டைமர் 4 மணி நேரம், ஒரு கைப்பிடி கியாம்பாங். இரும்பை நீங்கள் திரும்பி வந்த பிறகு ஊற்றுங்கள்.